போரைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு: நாட்டுக்கா, ஐ.நா.வுக்கா?

ஒரு நாடு போருக்குப் போவதா வேண்டாமா என்பதை அந்நாட்டு மக்கள் தேர்ந்தெடுத்த அரசுதானே முடிவு செய்ய வேண்டும், நியூயார்க்கில் கூடும் ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சிலின் 15 நாட்டுத் தூதர்களின் அனுமதிக்கு அது ஏன் காத்திருக்க வேண்டும் என்பது கேள்வி. இதில் உள்ள நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். களத்தில் உயிரை விடப்போகிறவர்கள் அந்த நாட்டின் பிள்ளைகள். கருவூலத்திலிருந்து போகப்போவது அந்த மக்களின் வரிப்பணம். போர் தோல்வியில் முடிந்தால் விளைவைச் சுமக்கப்போகிறவர்களும் அவர்களே. அப்படியிருக்க, அம்மக்களுக்கு எவ்விதத்திலும் பதில் சொல்லக் கடமைப்படாத ஓர் அவை இம்முடிவில் குறுக்கிடுவது மக்களாட்சிக்கே விரோதமானது என்று தோன்றுவது இயல்புதான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போருக்குப் போகும் முடிவை எந்த வெளி அமைப்பும் ஒரு நாட்டின் மீது சுமத்தக் கூடாது. அதே வேளையில், தற்காப்புக்கு அல்லாத ஒரு போரைத் தொடங்குவதற்கு அந்த நாட்டின் சொந்த முடிவு மட்டும் போதாது. உள்நாட்டு மக்களவையின் ஒப்புதலும் வேண்டும், சர்வதேசச் சட்டத்தின் இசைவும் வேண்டும். ஒன்று இருப்பதைக் காட்டி மற்றொன்றைத் தள்ளுபடி செய்ய இடமில்லை. இறையாண்மையையும் ஐ.நா.வையும் எதிரெதிரே நிறுத்திப் பேசிய அரசுகள், 1945க்குப் பின்னான வரலாற்றில், பெரும்பாலும் ஒன்றைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு மற்றொன்றிடமிருந்து தப்பித்தவையாகவே இருந்திருக்கின்றன. அந்த நிகழ்வுகளை அருகிலிருந்து பார்த்தால்தான் இந்தக் கேள்விக்கு உருப்படியான விடை கிடைக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். முதல் உலகப்போர் வரை போர் தொடுப்பது ஓர் அரசின் பிறப்புரிமை போலவே கருதப்பட்டது. 1919இல் உருவான, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் உடன்படிக்கை அந்த உரிமையை ரத்து செய்யவில்லை. தகராறு குறித்துத் தீர்ப்போ அறிக்கையோ வந்தபின் மூன்று மாதம் பொறுத்திருக்க வேண்டும் என்று மட்டுமே நிபந்தனை விதித்தது. 1928இல் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தம்தான் போரை அரசுக் கொள்கையின் கருவியாகப் பயன்படுத்துவதைக் கைவிடுவதாக முதன்முதலில் அறிவித்தது. ஆனால் மீறினால் என்ன செய்வது என்பதற்கு அதில் எந்த ஏற்பாடும் இல்லை. 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் கையெழுத்தான ஐ.நா. சாசனம் அந்த இடைவெளியை நிரப்ப முயன்றது. அதன் 2(4)ஆம் பிரிவு பிற நாடுகளுக்கு எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்துவதையும், பயன்படுத்துவதாக மிரட்டுவதையும் தடை செய்கிறது. விதிவிலக்குகள் இரண்டே: 51ஆம் பிரிவின்படி ஆயுதத் தாக்குதலுக்கு உள்ளான நாட்டின் தற்காப்பு, 42ஆம் பிரிவின்படி பாதுகாப்புக் கவுன்சிலின் ஒப்புதல்.

இங்கே பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. சாசனத்தின் 43ஆம் பிரிவு, உறுப்பு நாடுகள் தனித்தனி ஒப்பந்தங்கள் மூலம் பாதுகாப்புக் கவுன்சிலின் பயன்பாட்டுக்குப் படைகளை ஒதுக்கித்தர வேண்டும் என்று எதிர்பார்த்தது. அப்படிப்பட்ட ஒப்பந்தம் இன்று வரை ஒன்றுகூடக் கையெழுத்தாகவில்லை. அதனால் கவுன்சில் எந்த நாட்டையும் போருக்குப் போ என்று கட்டளையிட்டு அனுப்புவதில்லை. போக விரும்பும் நாடுகளுக்கு அனுமதி தருகிறது, அவ்வளவே. 1990 நவம்பர் 29 அன்று நிறைவேறிய 678ஆம் தீர்மானம், குவைத்திலிருந்து ஈராக் வெளியேற 1991 ஜனவரி 15 வரை கெடு விதித்து, அதற்குப்பின் 'தேவையான எல்லா வழிமுறைகளையும்' பயன்படுத்த உறுப்பு நாடுகளுக்கு அதிகாரம் அளித்தது. எந்த நாடு படை அனுப்பும் என்பதை அந்தந்த நாடே முடிவு செய்தது. அமெரிக்காவிலேயே அந்தத் தீர்மானத்துக்குப் பிறகும் அதன் நாடாளுமன்றமான காங்கிரஸில் விவாதம் நடந்து, ஜனவரி 12 அன்று செனட் 52க்கு 47 என்ற மிகக் குறுகிய வித்தியாசத்தில்தான் போருக்கு ஒப்புதல் தந்தது. ஐ.நா. நம் பிள்ளைகளைப் போருக்கு இழுத்துச் செல்லும் என்ற அச்சத்துக்கு நடைமுறையில் அடிப்படை இல்லை. அது செய்யக்கூடியது, போக வேண்டாம் என்று சொல்வது.

அப்படி வேண்டாம் என்று சொல்வது இறையாண்மைக்கு இழுக்கு ஆகாதா? ஆகும் என்பவர்கள் தாக்கப்போகும் நாட்டின் இறையாண்மையை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு போரிலும் இரண்டு இறையாண்மைகள் இருக்கின்றன. 1935இல் இத்தாலி அபிசீனியாவுக்குள் (இன்றைய எத்தியோப்பியா) படையெடுத்தபோது அது இத்தாலியின் சொந்த முடிவு. அழிந்தது அபிசீனியாவின் இறையாண்மை. 1936 ஜூனில் அதன் பேரரசர் ஹெய்லி செலாசி ஜெனிவாவில் சர்வதேச சங்கத்தின் முன் நேரில் நின்று முறையிட்டபோது, அதே சங்கம் இத்தாலி மீதான பொருளாதாரத் தடைகளை விலக்கிக்கொள்ளும் மனநிலையில் இருந்தது. அடுத்த மாதமே விலக்கியும் விட்டது. வல்லரசுகளுக்குச் சர்வதேசத் தடை ஒரு தொந்தரவாக இருக்கலாம். பெரிய அண்டை நாட்டின் நிழலில் வாழும் சிறிய நாட்டுக்கு அதுவே இறையாண்மையின் கடைசிப் பாதுகாப்பு. ஐ.நா.வில் இன்று 193 உறுப்பு நாடுகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை யாரையும் படையெடுத்துப் போகும் வலிமை அற்றவை, ஆனால் தாங்கள் படையெடுக்கப்படும் ஆபத்தை நன்கு அறிந்தவை.

இனி உள்நாட்டுப் பக்கத்துக்கு வருகிறேன், ஏனெனில் என் கவலை பெரும்பாலும் அங்கேதான். 1950 ஜூனில் வடகொரியா தென்கொரியாவுக்குள் நுழைந்தபோது, சோவியத் ஒன்றியம் சீனாவின் இருக்கை தொடர்பான தகராறில் பாதுகாப்புக் கவுன்சிலைப் புறக்கணித்துக்கொண்டிருந்தது. கவுன்சிலின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் ஒன்று எதிர்த்தாலே தீர்மானம் தோற்றுவிடும், அதுவே வீட்டோ. வீட்டோ செய்ய ஆளில்லாத அந்த வாய்ப்பில் தென்கொரியாவுக்கு உதவும் தீர்மானங்கள் நிறைவேறின. அமெரிக்க அரசமைப்பின்படி போரை அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கே உரியது. ஆயினும் அதிபர் ட்ரூமன் காங்கிரஸின் ஒப்புதலைக் கேட்கவே இல்லை. கவுன்சில் தீர்மானங்களையும் படைத்தலைவர் என்ற தன் அதிகாரத்தையும் காட்டி மூன்று ஆண்டுப் போர் நடந்தது. 36,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். இங்கே சர்வதேச ஒப்புதல் முறையாக இருந்தது, மக்கள் பிரதிநிதிகளின் ஒப்புதல் இல்லை.

2011இல் லிபியாவில் இதே கதை சிறிய அளவில் திரும்ப நடந்தது. மார்ச் 17 அன்று, லிபியக் குடிமக்களைக் காக்கப் படைபலத்தை அனுமதிக்கும், 1973 என்ற எண் கொண்ட கவுன்சில் தீர்மானம் 10 வாக்குகளுடன் நிறைவேறியது. இந்தியா, சீனா, ரஷ்யா, பிரேசில், ஜெர்மனி ஆகிய ஐந்தும் வாக்களிக்காமல் ஒதுங்கின. அதைக்கொண்டு ஒபாமா நிர்வாகம் குண்டுவீச்சில் இறங்கியது. காங்கிரஸின் ஒப்புதலின்றிச் சண்டையைத் தொடர அமெரிக்கப் போர் அதிகாரச் சட்டம் விதித்த 60 நாள் கெடு கடந்தபோது, இங்கே நடப்பது அந்தச் சட்டம் குறிப்பிடும் அளவிலான சண்டையே இல்லை என்று வாதிட்டது. ஜூனில் காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபை, போருக்கு அனுமதி தரும் தீர்மானத்தை 295க்கு 123 என்று தோற்கடித்தது. ஆனாலும் நடவடிக்கை தொடர்ந்தது. மேலும், குடிமக்களைக் காப்பதற்கென்று பெற்ற அனுமதி ஆட்சிக் கவிழ்ப்பு வரை இழுக்கப்பட்டது. அதன் பின் சிரியா குறித்து வந்த தீர்மானங்களைத் தடுக்கும்போதெல்லாம் ரஷ்யாவும் சீனாவும் லிபியாவையே சுட்டிக்காட்டின. அனுமதியின் எல்லையை மீறுவதால் அடுத்த அனுமதியே இல்லாமல் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியதால் எழுந்த சூயஸ் நெருக்கடியில் பிரிட்டிஷ் அரசு இரண்டு அவைகளையும் ஒருசேர ஏமாற்றியது. 1956 அக்டோபரில் பாரிஸுக்கு அருகே செவ்ர் என்ற இடத்தில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் ரகசியமாகக் கூடி, இஸ்ரேல் முதலில் எகிப்தைத் தாக்குவது, பிறகு சமாதானம் செய்விப்பவர்கள் போல மற்ற இருவரும் நுழைவது என்று திட்டமிட்டன. பாதுகாப்புக் கவுன்சிலில் பிரிட்டனும் பிரான்ஸும் வீட்டோவைப் பயன்படுத்தின. டிசம்பர் 20 அன்று பிரதமர் ஈடன், இஸ்ரேல் தாக்கப்போவது முன்கூட்டியே தெரியாது என்று தன் நாடாளுமன்றத்திலேயே பொய் சொன்னார். நியூயார்க்கில் ஒப்புதல் பெற முடியாததை லண்டனிலும் உண்மையைச் சொல்லிப் பெற முடியவில்லை. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. வெளியில் நியாயப்படுத்த முடியாத போர் பெரும்பாலும் உள்ளேயும் நியாயப்படுத்த முடியாததாகவே இருக்கிறது.

இரண்டு ஒப்புதலும் தேவை என்ற கோட்பாட்டை எழுத்திலேயே வைத்திருக்கும் ஓர் அரசமைப்பு உண்டு. துருக்கி அரசமைப்பின் 92ஆம் பிரிவு, சர்வதேசச் சட்டம் நியாயமெனக் கருதும் சூழல்களில் போரை அறிவிக்கவும், தன் படைகளை வெளிநாட்டுக்கு அனுப்பவும், அந்நியப் படைகளைத் தன் மண்ணில் அனுமதிக்கவும் அதிகாரம் தரும் உரிமையை நாடாளுமன்றத்துக்கு அளிக்கிறது. 2003 மார்ச் 1 அன்று அந்தப் பிரிவு சோதனைக்கு உள்ளானது. ஈராக்கை வடக்கிலிருந்து தாக்க ஏறத்தாழ 62,000 அமெரிக்க வீரர்களைத் துருக்கி வழியே அனுப்ப அனுமதி கேட்டு அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. ஆளும் கட்சிக்கு அவையில் அசைக்க முடியாத பெரும்பான்மை இருந்தது. அமெரிக்கத் தளவாடங்களைச் சுமந்த கப்பல்கள் துருக்கிக் கடற்கரையை ஒட்டிக் காத்து நின்றன. பெரும் நிதியுதவி பற்றிப் பேசி முடித்திருந்தார்கள். ஈராக்குக்கு எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்தக் கவுன்சிலின் புதிய தீர்மானம் மட்டும் இல்லை.

வாக்கு எண்ணிக்கை அறிவிக்கப்பட்டது: ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. ஆதரவு வாக்குகள் கூடுதல் என்பதால் தீர்மானம் வென்றுவிட்டது என்றே பலரும் முதலில் எண்ணினார்கள். ஆனால் அவையில் இருப்பவர்களின் அறுதிப் பெரும்பான்மை வேண்டும் என்பது அரசமைப்பின் விதி. இருந்தவர்கள் 533 பேர், தேவை 267. மூன்று வாக்குகள் குறைந்தன. ஆளும் கட்சி உறுப்பினர்களே கணிசமான எண்ணிக்கையில் எதிர்த்திருந்தார்கள். அமெரிக்கக் கப்பல்கள் சூயஸ் கால்வாய் வழியே குவைத்துக்குத் திருப்பப்பட்டன. மார்ச் 20 அன்று அமெரிக்க விமானங்கள் வான்வழியைப் பயன்படுத்த அதே நாடாளுமன்றம் அனுமதி தந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது முழுமையான மறுப்பாக நிலைக்கவில்லை. ஆயினும் மார்ச் 1 அன்று நடந்ததை, ஒரு நாடு தன் இறையாண்மையை முழுமையாகப் பயன்படுத்திய நாள் என்றே நான் கருதுகிறேன். மிக நெருங்கிய கூட்டாளியின் அழுத்தத்துக்கு மாறாக முடிவெடுக்க அந்த உறுப்பினர்களுக்குக் கிடைத்த வலிமையான வாதங்களில் ஒன்று, சர்வதேசச் சட்டத்தின் இசைவு இல்லை என்பதுதான். சர்வதேச நெறி ஒரு நாட்டின் சுயமுடிவைப் பறிப்பதற்குப் பதிலாக அதைத் தாங்கிப் பிடித்த தருணம் அது.

இவ்வளவும் சொன்ன பிறகு, கவுன்சிலின் குறைகளை மூடிமறைத்தால் இந்தப் பதில் நேர்மையானதாகாது. ஐந்து நாடுகள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட வீட்டோ, அந்த ஐந்தும் அவற்றின் நண்பர்களும் சட்டத்துக்கு வெளியே நிற்க வழிசெய்கிறது. மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவுக்கு எதிரான நடவடிக்கைகளுக்காக 1986இல் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதை நிறைவேற்றக் கோரும் தீர்மானத்தை அமெரிக்காவே வீட்டோ செய்தது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. மறுநாள் தன் படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானத்தைத் தானே வீட்டோ செய்தது. குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதியின் கையைப் பிடித்து நிறுத்தும் இந்த ஏற்பாட்டை எந்த நாட்டு மக்களும் மனமுவந்து ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். வாக்குகள் சுதந்திரமாக விழுவதும் இல்லை: 678ஆம் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த யேமனுக்கான அமெரிக்க உதவி பெருமளவு வெட்டப்பட்டது.

வீட்டோவைவிட மோசமானது அக்கறையின்மை. 1994 ஏப்ரலில் ருவாண்டாவில் இனப்படுகொலை தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்த நிலையில், கவுன்சில் அங்கிருந்த சுமார் 2,500 பேர் கொண்ட அமைதிப் படையை 270 ஆகக் குறைக்கும் 912ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. யாரும் வீட்டோ செய்யவில்லை. படுகொலையை நடத்திய அரசின் பிரதிநிதி அதே கவுன்சிலில் உறுப்பினராக அமர்ந்திருந்தார். சுமார் 100 நாட்களில் ஏறக்குறைய எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். கவுன்சிலின் அனுமதி இல்லாத தலையீடு எதுவும் கூடாது என்று வாதிடும் எவரும் இதற்கு முகம் கொடுத்தாக வேண்டும், நானும்தான்.

1971ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பாகிஸ்தானில் பாகிஸ்தான் ராணுவம் நடத்திய படுகொலைகளால் சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்திருந்தார்கள். டிசம்பர் 3 அன்று பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமானத் தளங்களைத் தாக்கியபின் முழுப்போர் மூண்டது. பாதுகாப்புக் கவுன்சிலில் போர்நிறுத்தத் தீர்மானங்களைச் சோவியத் ஒன்றியம் வீட்டோ செய்தது. விவகாரம் பொதுச்சபைக்குப் போனபோது, உடனடிப் போர்நிறுத்தமும் படைவிலகலும் கோரும் தீர்மானத்துக்கு 104 நாடுகள் ஆதரவாகவும் 11 நாடுகள் எதிராகவும் வாக்களித்தன. இந்தியா அதை ஏற்காமல் டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடையும் வரை போரிட்டது. அந்த 104 நாடுகளின் சொல்லைக் கேட்டிருந்தால் வங்கதேச மக்களின் கதி என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, இந்தியா செய்தது சரி என்றே சொல்வேன். ஆனால் அதைச் சரியென்று சொல்ல எனக்குத் துணை நிற்பவை குறிப்பான உண்மைகள்: எல்லைக்கு அப்பால் நடந்த கொடுமை மறுக்க முடியாத அளவில் இருந்தது, முதலில் தாக்கப்பட்டது என்ற தற்காப்பு வாதம் கையில் இருந்தது, விடுதலைக்குப் போராடிய மக்கள் உதவி கேட்டிருந்தார்கள், 1972 மார்ச்சுக்குள் இந்தியப் படைகள் அந்த மண்ணை விட்டு வெளியேறிவிட்டன. இந்த அளவுகோல்களைக் கொண்டு அளந்தால், மனிதநேயத் தலையீடு என்ற பெயரில் நடந்த பல போர்கள் தேறுவது கடினம்.

1999இல் கோசோவோ மாகாணத்து அல்பேனியர்களைக் காக்க என்று கூறி, அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணியான நேட்டோ, கவுன்சிலின் அனுமதியின்றி 78 நாள் யூகோஸ்லாவியா மீது குண்டு வீசியதைப் பின்னர் ஆராய்ந்த ஒரு சுயேச்சையான சர்வதேச ஆணையம், அது சட்டவிரோதமானது, ஆனால் நியாயமானது என்று முடிவுக்கு வந்தது. அந்த முடிவின் நேர்மையை மதிக்கிறேன். மீறலை மீறல் என்றே பெயரிட்டதால் சட்டம் பிழைத்தது. கோசோவோவில் எங்களுக்கு உரிமையே இருந்தது என்று கூறியிருந்தால், அந்த உரிமை அடுத்த நாள் முதல் எல்லோருக்கும் சொந்தமாகியிருக்கும். அப்படியும் 2014இல் உக்ரைனின் கிரீமியாவை இணைத்துக்கொண்டபோது ரஷ்யா கோசோவோவை மேற்கோள் காட்டத் தவறவில்லை.

தற்காப்பு என்ற விதிவிலக்கிலும் இதே இழுபறிதான். 1837இல் 'கரோலின்' என்ற அமெரிக்கக் கப்பலைப் பிரிட்டிஷ் படையினர் எரித்த விவகாரத்தையொட்டி எழுந்த பழைய அளவுகோல், ஆபத்து உடனடியானதாகவும், வேறு வழி தேடவோ யோசிக்கவோ அவகாசம் தராததாகவும் இருக்க வேண்டும் என்றது. என்றேனும் ஆபத்தாகக்கூடும் என்பதற்காக இன்றே தாக்குவது அதில் அடங்காது. 1981இல் ஈராக்கின் ஒசிராக் அணு உலையை இஸ்ரேல் தாக்கி, தற்காப்பு என்றபோது, பாதுகாப்புக் கவுன்சில் அமெரிக்காவின் வாக்கும் உட்பட ஒருமனதாகக் கண்டித்தது. 22 ஆண்டு கழித்து அதே அமெரிக்கா ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகக் கூறிப் படையெடுத்தது, ஆயுதங்கள் கிடைக்கவில்லை. 2022இல் புதினும் 51ஆம் பிரிவையே வாசித்துக்காட்டினார். தன் ஆபத்தைத் தானே எடைபோட்டுக்கொள்ளும் உரிமையை எல்லா நாடுகளுக்கும் வரம்பின்றிக் கொடுத்தால், 2(4)ஆம் பிரிவில் மிஞ்சுவது எதுவும் இல்லை. அதனால்தான் சாசனம் தற்காப்பு நடவடிக்கையை உடனே கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது.

நடைமுறையில் என்ன செய்யலாம்? வீட்டோவை ஒழிக்கச் சாசனத்தைத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்துக்கே ஐந்து நாடுகளின் ஒப்புதலும் தேவை. ஆகவே அதில் அதிக நம்பிக்கை வைக்க முடியாது. 2022 ஏப்ரலில் பொதுச்சபை, வீட்டோ பயன்படுத்தப்படும் ஒவ்வொரு முறையும் பத்து வேலை நாட்களுக்குள் தான் கூடி விவாதிக்கும் என்று முடிவெடுத்தது சிறிய முன்னேற்றம். பொதுச்சபையால் போரைத் தடுத்து நிறுத்த முடியாது என்றாலும், உக்ரைன் மீதான படையெடுப்பை 141 நாடுகள் கண்டித்ததால், அதை நியாயமென்று சொல்ல ரஷ்யாவுடன் நான்கு நாடுகளே நின்றன என்பது உலகறிந்ததாயிற்று.

உள்நாட்டில் செய்யக்கூடியவை இன்னும் அதிகம். ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 1994 ஜூலையில், ஆயுதப் படைகளை வெளிநாட்டு நடவடிக்கைக்கு அனுப்ப நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. அதே நாட்டின் அரசமைப்பு 26ஆம் பிரிவில் ஆக்கிரமிப்புப் போருக்கு ஆயத்தம் செய்வதையே தடை செய்கிறது. இந்த இரண்டும் சேர்ந்த ஏற்பாடு மற்ற நாடுகளுக்கும் பொருந்தும். ஆனால் வாக்கெடுப்பு மட்டும் போதாது, உறுப்பினர்கள் எதை அறிந்து வாக்களிக்கிறார்கள் என்பதும் முக்கியம்.

பிரிட்டனின் தலைமைச் சட்ட அதிகாரி கோல்ட்ஸ்மித் 2003 மார்ச் 7 அன்று பிரதமர் பிளேருக்கு 13 பக்க ஆலோசனை ஒன்றை அளித்தார். ஈராக் போருக்கு ஆதரவாக வாதிட இடமிருக்கிறது என்றாலும், கவுன்சிலின் இன்னொரு தீர்மானத்தைப் பெறுவதே சட்டப்படி மிகப் பாதுகாப்பான வழி என்று அதில் எழுதியிருந்தார். பத்து நாள் கழித்து, மார்ச் 17 அன்று, நாடாளுமன்றத்துக்குத் தரப்பட்ட சுருக்கமான எழுத்துப் பதிலில் அந்தத் தயக்கங்கள் எதுவும் இல்லை. போர் சட்டப்படியானது என்ற உறுதி மட்டுமே இருந்தது. அமைச்சரவையின் பார்வைக்கு வந்ததும் அந்தச் சுருக்கமே. வெளியுறவுத் துறையின் துணைச் சட்ட ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் பதவி விலகினார். மறுநாள், மார்ச் 18 அன்று, மக்களவை 412க்கு 149 என்று போருக்கு ஒப்புதல் தந்தது. 13 பக்க ஆவணம் முழுமையாக வெளியானது 2005 ஏப்ரலில். போருக்கு ஒப்புதல் கேட்கும் எந்த அரசும் தன் சட்ட ஆலோசனையை, வெட்டாமல் சுருக்காமல், வாக்கெடுப்புக்கு முன்பே அவையின் மேசையில் வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாடும் சட்டம் இயற்றலாம். அதற்கு ஐ.நா.வின் அனுமதியும் வேண்டாம், எந்த வல்லரசின் வீட்டோவும் அதைத் தடுக்க முடியாது.